பூச்சி மாத்திரையா, செருப்பா, சோப்பா, கக்கூஸா: ஊர்க்காசை எதுல போட்டா பிள்ளைங்க வயிறு தேறும்?

திருவிழா கணக்கு போக மன்றத்துல கொஞ்சம் காசு மிச்சம் இருக்கு, அதை வச்சு ஊர்ப் பிள்ளைங்க வயித்துப் பூச்சிக்கு ஏதாவது பண்ணலாம்னு பேச்சு வந்ததும் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிச்சாச்சு. மெடிக்கல்ல மொத்தமா சிரப் வாங்கி வரிசையா நிக்க வச்சு ஊத்திவிட்டுடலாம்னு ஒரு கட்சி. மருந்து குடுத்தாலும் திரும்ப வந்துடும், அதுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் குடுங்கன்னு இன்னொரு கட்சி. கக்கூஸ் கட்டாம இது தீராதுன்னு ஒருத்தர், கை கழுவ சோப்பு போதும்னு ஸ்கூல் டீச்சர், இதுக்கெல்லாம் எதுக்குடா காசு மாசம் ஒருக்கா வேப்பங்கொழுந்தை அரைச்சு உருட்டிக் குடுத்தா பூச்சி பொத்து பொத்துனு விழப்போகுதுன்னு பெரியவங்க.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல லேப் டெக்னீஷியனா இருந்தவன், தீப்பெட்டியில வச்சுக் கொண்டு வர்ற மலத்தை ஸ்லைடுல தேச்சுப் பாத்தே பாதி சர்வீஸ் ஓடிடுச்சு, அதனால என் பங்குக்கு நானும் சொல்றேன். முடிவை முதல்லயே போட்டு உடைச்சுடறேன். மருந்து வாங்க மன்றக் காசுல ஒரு பைசா எடுக்காதீங்க, அதை கவர்மெண்ட் சும்மாவே குடுக்குது. நம்ம காசும் ஆள்பலமும் போக வேண்டியது ரெண்டு இடத்துக்கு: அந்த மாத்திரை யார் வாய்க்குப் போகாம விட்டுப்போகுதோ அவங்களைப் பிடிக்கிறது, மாத்திரை போட்ட பிள்ளைக்கு பூச்சி திரும்ப ஏறுற வழியை அடைக்கிறது. அதுல எந்த வழியை அடைக்கணும்ங்கிறது நம்ம ஊர்ல எந்தப் பூச்சி இருக்குங்கிறதைப் பொறுத்தது. இது தெரியாம செருப்பா சோப்பான்னு சண்டை போடுறதுல அர்த்தமே இல்ல.

பூச்சின்னு சொல்லிடறோம், ஆனா அது ஒண்ணு இல்ல. நாக்குப்பூச்சின்னு நம்ம பக்கம் சொல்ற உருண்டைப்புழு ஒரு ஜாண் நீளம் இருக்கும், சில சமயம் அதுக்கு மேலயும், பிள்ளை வாந்தி எடுத்தா வாய் வழியாவே வந்து விழும், அதைப் பாத்து அம்மாக்காரி அலறிக்கிட்டு வருவா. பொட்டைப் புழு ஒண்ணு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரைக்கும் போடும். அந்த முட்டை மலத்தோட மண்ணுல விழுந்து ரெண்டு மூணு வாரம் பக்குவப்பட்ட பிறகுதான் தொத்தும், ஆனா அப்படிப் பக்குவமானது ஈர மண்ணுலயே வருஷக்கணக்கா சாகாம கிடக்கும், மழைக்கும் குளிருக்கும் அசராது. உள்ள போற வழி வாய். மண்ணு ஒட்டின கை, கழுவாத கேரட்டு, கீழ விழுந்த மாங்கா.

கொக்கிப்புழு கதை வேற. விரல் நகம் நீளம்தான் இருக்கும், கண்ணுல படாது, மலத்தோட வெளிய வந்து யாரும் பாத்திருக்க மாட்டீங்க. முட்டை ஈர மண்ணுல பொரிச்சு ஒரு வாரம் பத்து நாள்ல குட்டிப்புழு ரெடியாகி வெறுங்கால் தோல் வழியாவே உள்ள ஏறிடும், அங்கேயிருந்து ரத்தத்துல ஓடி நுரையீரலுக்குப் போயி தொண்டைக்கு வந்து முழுங்கப்பட்டு குடல்ல போய் கடிச்சுப் பிடிச்சுக்கும். குடிக்கிறது ரத்தம். நம்ம பக்கம் அதிகமா இருக்கிற வகை ஒரு புழுவுக்கு நாளைக்கு 0.03 மில்லி, கேட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், நூறு புழு இருக்கிற பிள்ளைக்குக் கணக்குப் போடுங்க, மாசத்துக்கு 90 மில்லி. சோறு மட்டும் தின்னு வளர்ற பிள்ளைக்கு அந்த ரத்தம் எங்கேயிருந்து திரும்ப ஊறும்.

சாட்டைப்புழுவும் வாய் வழிதான், நம்ம சமவெளியில நான் அதிகம் பாத்ததில்ல. கீரிப்பூச்சி இருக்கே, ராத்திரி ஆனா ஆசனவாய்ல அரிப்பு, பிள்ளை தூங்காம சொறியும், வெள்ளை நூல் துண்டு மாதிரி அரை இஞ்ச்கூட இருக்காது. இதுக்கு மண்ணே தேவையில்ல. சொறிஞ்ச நகம், படுத்த பாய், கூடப் படுத்த தங்கச்சி, அவ்ளோதான், அதோட முட்டை சில மணி நேரத்துலயே தொத்த ரெடி. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் வரும், டவுன் ஸ்கூல்லயும் வரும்.

இப்ப மாத்திரைக்கு வரேன். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை, சப்பி முழுங்குறது. 2015ல இருந்து தேசிய குடற்புழு நீக்க நாள்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை குடுக்கிறாங்க, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10, நம்ம ஊர்ல தேதி கொஞ்சம் முன்னபின்ன ஆகும், விட்டுப்போனவங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஒரு நாள் வச்சிருப்பாங்க. 1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும். 1 முதல் 2 வயசு வரைக்கும் அரை மாத்திரை, நல்லாப் பொடிச்சு தண்ணியில கலந்து. 2 முதல் 3 வரைக்கும் முழு மாத்திரை, அதுவும் பொடிச்சுத்தான், ஏன்னா சின்னப் பிள்ளை அழும்போது மூக்கைப் பிடிச்சு மாத்திரையைத் திணிச்சா புரையேறி மூச்சு அடைச்சுக்கும், மருந்தால வர்ற ஆபத்தைவிட இந்த ஆபத்துதான் பெருசு. ஒரு வயசுக்குக் கீழ கிடையாது.

மாத்திரை எவ்வளவு வேலை செய்யுதுன்னா, அது பூச்சியைப் பொறுத்து மாறும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2017ல வந்த ஒரு கணக்குப்படி ஒரு அல்பெண்டசோல் போட்டா உருண்டைப்புழு இருக்கிறவங்கள்ல நூத்துக்கு 95 பேருக்கு மேல சுத்தமா போயிடுது, கொக்கிப்புழுவுக்கு 80 பேர் கிட்ட, சாட்டைப்புழுவுக்கு 31 பேர்தான். மெபெண்டசோல்னு இன்னொரு மாத்திரை இருக்கு, அது உருண்டைப்புழுவுக்கு இதே அளவு, ஆனா ஒரே டோஸா குடுத்தா கொக்கிப்புழுவுக்கு 33 பேர் கிட்டத்தான். சில மெடிக்கல்ல எது கையில இருக்கோ அதை நீட்டிடுவாங்க, பூச்சி மருந்துதானே ரெண்டும் ஒண்ணுதானேன்னு. கொக்கிப்புழு இருக்கிற ஊருக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. அப்புறம் பேர்ல பிளஸ்னு சேர்ந்து வர்ற மாத்திரைங்கள்ல ஐவர்மெக்டினும் சேர்ந்து இருக்கும், சாட்டைப்புழுவுக்கு அது நல்லதுதான், ஆனா 15 கிலோவுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு டாக்டர் சொல்லாம குடுக்கிற சமாச்சாரம் இல்ல அது. நம்ம பால்வாடிப் பிள்ளைங்க முக்கால்வாசி 15 கிலோவுக்குக் கீழதான். மொத்தமா சிரப் வாங்குற யோசனையில எனக்கு இருக்கிற பயமே இதுதான், யார் வாங்கிட்டு வருவாங்க, என்னத்தை வாங்குவாங்க, ஸ்கூல்ல போன வாரம் மாத்திரை போட்ட பிள்ளைக்கே மறுபடி ஊத்துவாங்களான்னு.

பக்கவிளைவு பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. லேசா வயித்துவலி, குமட்டல், தலைசுத்தல், அதுவும் பூச்சி நிறைய இருக்கிற பிள்ளைக்குத்தான் ஜாஸ்தி. ஆனா காய்ச்சலா கிடக்கிற பிள்ளைக்கு அன்னைக்குக் குடுக்க வேணாம். வலிப்பு வந்த சரித்திரம் இருக்கிற பிள்ளைக்கு டாக்டரைப் பாக்காம குடுக்கவே வேணாம், ஏன்னா நாடாப்புழு முட்டை மூளையில போய் கட்டியா உக்காந்திருந்தா இந்த மருந்து பட்டதும் அதைச் சுத்தி வீக்கம் வந்து வலிப்பைக் கிளப்பிவிடும்.

சரி மாத்திரை இவ்வளவு நல்லதுன்னா அத்தோட விட்டுட வேண்டியதுதானேன்னு கேக்கலாம். திரும்ப வருது, அதான் பிரச்சனை. சிகிச்சை முடிஞ்சு ஆறு மாசத்துல உருண்டைப்புழு இருக்கிறவங்க எண்ணிக்கை பழைய அளவுல 68 சதவீதத்துக்குத் திரும்பிடுது, ஒரு வருஷத்துல 94 சதவீதம், அதாவது குடுக்காத மாதிரியே. கொக்கிப்புழு கொஞ்சம் மெதுவா, ஆறு மாசத்துல 55, வருஷத்துல 57. செருப்புக் கட்சி சொல்றதுல உண்மை இருக்குதுங்க. ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, திரும்ப வந்தாலும் உடனே நூறு புழு வந்துடாது, அஞ்சு பத்துதான் சேரும், பிள்ளையைப் படுக்க வைக்கிறது எண்ணிக்கைதான். ஆறு மாசத்துக்கு ஒருக்கா குறைச்சு விட்டுக்கிட்டே இருந்தா அந்த மோசமான நிலைக்குப் போக விடாம வச்சிருக்கலாம். இருபது சதவீதத்துக்கு மேல பூச்சி இருக்கிற ஊர்ல வருஷம் ஒருக்கா, அம்பதுக்கு மேல இருந்தா ரெண்டு தடவைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதுக்கு இதான் காரணம்.

மாத்திரை போட்டா பிள்ளை படிப்புல பிச்சு உதறும், வளர்ந்துடும்னு பெரிய பேச்செல்லாம் இருக்கு. அதை நான் நம்பச் சொல்ல மாட்டேன். கென்யாவுல 1998ல 75 ஸ்கூல்ல ஆரம்பிச்ச ஒரு ஆய்வுல பிள்ளைங்க ஸ்கூலுக்கு வராம நிக்கிறது கால்வாசி குறைஞ்சுதுன்னு வந்துச்சு, அதைப் பண்ணவங்கள்ல ஒருத்தர் மைக்கேல் கிரெமர், 2019ல பொருளாதார நோபல் வாங்கினவர். இந்தப் பக்கம் நம்ம உத்தரப் பிரதேசத்துல 10 லட்சம் பால்வாடி வயசுப் பிள்ளைங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா குடுத்துப் பாத்தாங்க, 2013ல ரிசல்ட் வந்துச்சு, எடையிலயும் சாவு எண்ணிக்கையிலயும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. ரெண்டு பக்கமும் பெரிய ஆளுங்க வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க. என் கணக்கு சிம்பிள், உத்தரப் பிரதேசத்துல நிறைய பிள்ளைங்களுக்கு பூச்சி பாரமே லேசா இருந்துச்சு, லேசா இருக்கிற பிள்ளைக்கு மாத்திரை குடுத்து என்ன பெருசா மாறிடப்போகுது, நிறைய இருக்கிற பிள்ளைக்குக் குடுத்தா மாறும், ஊர்ல எது எந்தப் பிள்ளைன்னு வெளிய பாத்து தெரியாது, அதனால எல்லாருக்கும் குடுக்கிறோம். பத்து ரூபா மாத்திரைக்கு இது போதும்.

அப்ப டெஸ்ட் பண்ணிட்டுக் குடுக்கலாமேன்னு கேப்பீங்க. எல்லாப் பிள்ளைக்கும் டெஸ்ட் பண்றது வீண், மலப் பரிசோதனைச் செலவு மருந்துச் செலவைப் போல பல மடங்கு ஆகும், ஒரு தடவை பாத்து இல்லைன்னு வந்தாலும் நிச்சயம் இல்ல, புழு தினம் ஒரே மாதிரி முட்டை போடாது. ஆனா ஒரு இருபது முப்பது பிள்ளைங்களுக்கு மட்டும் பாத்தா ஊர்ல எந்தப் பூச்சி ஓடுதுன்னு தெரிஞ்சுடும், அதை கண்டிப்பா செய்யணும்னு நான் சொல்வேன். தீக்குச்சி நுனியளவு எடுத்து ஸ்லைடுல சலைன், அதாவது உப்புத் தண்ணி விட்டுக் கலக்கி மேல மெல்லிசு கண்ணாடித் துண்டு போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா போதும். உருண்டைப்புழு முட்டை காப்பிப்பொடி கலர்ல வெளித்தோல் மேடும் பள்ளமுமா இருக்கும். கொக்கிப்புழு முட்டை கண்ணாடி மாதிரி மெல்லிசு ஓடு, உள்ள நாலா பிரிஞ்ச உருண்டை தெரியும். சாட்டைப்புழு முட்டைக்கு ரெண்டு முனையிலயும் மூடி போட்ட மாதிரி இருக்கும். ஒரே ஒரு விஷயம், காலையில எடுத்ததை காலையிலயே லேபுக்குக் கொண்டு வரணும், முந்தின நாள் எடுத்து வீட்டு ஜன்னல்ல வச்சிருந்து கொண்டு வந்தா கொக்கிப்புழு முட்டை பொரிச்சு குட்டியே நெளிய ஆரம்பிச்சிருக்கும், அப்புறம் என்ன புழுன்னு குழப்பம். கீரிப்பூச்சி மலத்துல தேடினா அனேகமா கிடைக்காது, காலையில எழுந்த உடனே கழுவறதுக்கு முன்னாடி செல்லோ டேப்பை ஆசனவாய்ல ஒட்டி எடுத்து ஸ்லைடுல ஒட்டணும்.

வேப்பங்கொழுந்து, பப்பாளி விதை, பூசணி விதை. பெரியவங்க சொல்றதை நான் சும்மா தள்ளலை. பப்பாளி விதைக்கு நைஜீரியாவுல 60 பிள்ளைங்களை வச்சு ஒரு சின்ன ஆய்வு 2007ல வந்திருக்கு, காய வச்ச விதையைத் தேன்ல கலந்து குடுத்ததுல 76.7 சதவீதம் பேருக்கு மலம் சுத்தமாச்சு, வெறும் தேன் குடுத்தவங்கள்ல 16.7. நல்லாத்தான் இருக்கு, ஆனா 60 பேர்தான், எவ்வளவு விதை எந்த வயசுக்குன்னு யாரும் தீர்மானமா சொல்ல முடியாது. கொழுந்து அரைச்சு ஒரு உருண்டை குடுக்கிறீங்களா, பெரிய பிள்ளைக்குக் குடுத்துட்டுப் போங்க, மாத்திரைக்குப் பதிலா மட்டும் நினைக்காதீங்க. ஆனா வேப்பெண்ணெய், அதை மட்டும் வாய்ல ஊத்தாதீங்க, கைக்குழந்தைக்கு சங்குல அரை சங்குகூட வேணாம். மலேசியாவுல நம்மாளுங்க வீட்டுக் குழந்தைங்களுக்கு சளி, வயிறுன்னு வேப்பெண்ணெய் குடுத்து வாந்தி, மூச்சு வாங்கி, ஃபிட்ஸ் வந்து, மூளையும் ஈரலும் கெட்டு செத்துப் போனதை டாக்டருங்க 1981லயே எழுதி வச்சிருக்காங்க. விளக்கெண்ணெய் பேதியும் அதே மாதிரி, பூச்சியை அது கொல்றதில்ல, மெலிஞ்ச பிள்ளைக்கு தண்ணிச்சத்து போறதுதான் மிச்சம்.

இன்னும் சில நம்பிக்கைங்க இருக்கு, முகத்துல வெள்ளைத் தேமல் வந்தா பூச்சி, தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிச்சா பூச்சி, மிட்டாய் தின்னா பூச்சி. மூணும் சரியில்ல. பிள்ளை சுவர் மண்ணு, அடுப்புச் சாம்பல், பச்சரிசி, சாக்பீஸ்னு தேடித் தேடித் தின்னுதா, அதைத்தான் பாக்கணும், அது ரத்தசோகையோட அடையாளம், மண்ணு தின்ன தின்ன உருண்டைப்புழுவும் ஏறும். தமிழ்நாட்டுல 5 வயசுக்குள்ள பிள்ளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுச்சு. கொக்கிப்புழுவை மாத்திரை போட்டு வெளிய தள்ளிட்டா இரும்புச்சத்து தானா ஊறிடாது, பால்வாடியில குடுக்கிற இரும்புச்சத்து டானிக், ஸ்கூல்ல வாராவாரம் குடுக்கிற மாத்திரை இதையும் சேத்துத்தான் குடுக்கணும். மலம் கருப்பாப் போகுதுன்னு பயந்து நிறுத்திடுவாங்க, அது இரும்பால வர்ற கலர், ஒண்ணும் ஆகாது.

கக்கூஸ். இதுதான் அடிப்படைத் தீர்வு, சந்தேகமே இல்ல. 1916ல சிலோன்ல ராக்ஃபெல்லர்ங்கிற அமெரிக்க அறக்கட்டளை காசுல கொக்கிப்புழு ஒழிப்பு ஆரம்பிச்சாங்க, தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்த நம்ம தமிழ் சனங்களுக்குத்தான் முக்கியமா மருந்து குடுத்தாங்க, கக்கூஸ் இல்லாத லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல, மருந்து குடுத்தும் கொஞ்ச காலத்துல பூச்சி திரும்பி வந்துச்சு. அப்பவே தெரிஞ்ச பாடம். ஆனா கக்கூஸ் கட்டிட்டா மட்டும் போதாதுங்கிறதும் நமக்குப் பக்கத்துலயே தெரிஞ்சுது, ஒடிசாவுல 100 கிராமத்தை எடுத்து பாதி ஊர்ல கட்டினாங்க, கக்கூஸ் இருக்கிற வீடு 9 சதவீதத்துல இருந்து 63 ஆச்சு, 2014ல ரிசல்ட் பாத்தா பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கும் குறையலை குடற்புழுவும் குறையலை. கட்டினவங்க எல்லாரும் போகலை, போனவங்க வீட்டுலயும் எல்லாரும் போகலை. நம்ம ஊர்லயே பாருங்க, எத்தனை கக்கூஸ்ல விறகும் பழைய சைக்கிளும் கிடக்குதுன்னு. அதுவும் போக, கைக்குழந்தை ஆயி போனா அது அழுக்கே இல்லைன்னு அள்ளி குப்பைமேட்டுல போடுறதுதான் வழக்கம், பூச்சி முட்டை அந்தச் சின்னப் பிள்ளைங்ககிட்ட இருந்தும் வரும்.

ஒரு வீட்டு கக்கூஸுக்கு கவர்மெண்டே 12,000 ரூபா குடுக்குது, நம்ம மன்றக் காசுக்கு ஒரு கக்கூஸ்கூட முழுசா வராது. அதனால காசை அதுல போட வேணாம், வாயைப் போடுவோம். மனு எழுதிக் குடுக்கிறது, தண்ணி வர்ற மாதிரி பைப் இழுக்கச் சொல்லி பஞ்சாயத்துல கேக்கிறது, விறகை வெளிய எடுக்க வைக்கிறது.

செருப்புக்கு வரேன். கொக்கிப்புழு ஊர்னா செருப்பு நல்ல செலவு, உருண்டைப்புழு ஊர்னா கிட்டத்தட்ட வேஸ்ட். கொக்கிப்புழுவுக்குப் பிடிச்ச மண்ணு எதுன்னா நிழலும் ஈரமும் இருக்கிற மணல் கலந்த மண்ணு, அதாவது முந்திரித் தோப்பு, தென்னந்தோப்பு, வாழைத் தோட்டத்து ஓரம். காலைல மறைவுக்கு நம்ம சனம் ஒதுங்குறதும் அங்கதான். பிள்ளைக்கு செருப்பு வாங்கிக் குடுத்தா ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போகும், வகுப்பு வாசல்ல கழட்டி வைக்கும், சாயங்காலம் தோப்புக்குள்ள ஓடும்போது வெறுங்கால்தான். புதுச் செருப்பு தேஞ்சுடும்னு வீட்டுலயே கழட்டி வைக்கச் சொல்லுவாங்க, அதையும் பாத்திருக்கேன். அதனால குடுக்கிறதா இருந்தா ரப்பர் செருப்பா குடுங்க, ஒதுங்கப் போறப்ப போடுறதுக்குன்னு சொல்லிக் குடுங்க, தோப்புல வேலை செய்யிற அம்மா அப்பாவுக்கும் சேத்து. ஒரு வருஷத்துல பிள்ளைக்கு கால் வளர்ந்துடும்ங்கிறதையும் கணக்குல வச்சுக்குங்க, இது ஒரு தடவை செலவு இல்ல.

சோப்பும் நகவெட்டியும். குறைஞ்ச காசுல அதிக பலன் இதுலதான்னு எனக்குப் படுது, வாய் வழியா போற எல்லாத்துக்கும், கீரிப்பூச்சிக்கும் சேத்து. எத்தியோப்பியாவுல ஒரு ஆய்வு, 2015ல வந்துச்சு, சிகிச்சை குடுத்து சுத்தமான பிள்ளைங்களை எடுத்துக்கிட்டு ஆறு மாசம் பாத்தாங்க. சோப்பு போட்டுக் கை கழுவ வச்ச பிள்ளைங்கள்ல 14 சதவீதம் பேருக்கு பூச்சி திரும்புச்சு, மத்தவங்கள்ல 29. வாரத்துக்கு ஒருக்கா நகம் வெட்டிவிட்டதுல 17, வெட்டாததுல 26. சீனாவுல ஹூனான் பக்கம் ஸ்கூல்ல 12 நிமிஷ கார்ட்டூன் ஒண்ணு போட்டுக் காட்டி டீச்சருங்க பேசினாங்க, அந்த வருஷம் புதுசா பூச்சி வந்தது 4.1 சதவீதம், காட்டாத ஸ்கூல்ல 8.4. ஸ்கூல் குழாய்ல சோப்பை வலைப்பையில போட்டுக் கட்டித் தொங்கவிட்டா காக்கா தூக்காது, யாரும் வீட்டுக்கும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. சனிக்கிழமை டியூஷனுக்கு வர்றப்ப டியூஷன் அக்கா வரிசையா நகத்தைப் பாத்தா போதும். ஆனா குழாய்ல தண்ணி வரலைன்னா சோப்பு தொங்கி என்ன பிரயோஜனம், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு டேங்க்ல தண்ணி இருக்கணும்.

இப்ப யாரும் பேசாத ஒரு ஆப்ஷன், பெரியவங்களுக்கும் மாத்திரை. ஸ்கூல்லயும் பால்வாடியிலயும் குடுக்கிறோம், வீட்டுல அப்பா அம்மா தாத்தா பாட்டிக்குக் குடுக்கிறதில்ல. உருண்டைப்புழு பிள்ளைங்ககிட்டதான் ஜாஸ்தி, அதனால ஸ்கூல்ல குடுத்தா குறையும். கொக்கிப்புழு அப்படி இல்ல, வயசு ஏற ஏற கூடும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஆளுங்க திமிரி வட்டாரத்துலயும் ஜவ்வாது மலையிலயும் வீடு வீடா போய் பாத்தப்ப இருந்ததுல பெரும்பங்கு கொக்கிப்புழுதான், மலைக் கிராமத்துல சமவெளியைவிட அதிகம், பெரியவங்ககிட்ட அதிகம். பிள்ளைக்கு மட்டும் மருந்து குடுத்தா ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற கதைதான், தோப்பு மண்ணுல முட்டையைப் போடுறது அப்பனும் தாத்தனும். கென்யாவுல குவாலேங்கிற இடத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மட்டும் வருஷம் ஒருக்கா குடுத்த ஊருங்கள்ல ரெண்டு வருஷத்துல கொக்கிப்புழு 18.6ல இருந்து 13.8 சதவீதத்துக்கு இறங்குச்சு, ஊர் முழுக்கக் குடுத்த இடத்துல 17.9ல இருந்து 8.0, ஊர் முழுக்க வருஷம் ரெண்டு தடவை குடுத்த இடத்துல 20.6ல இருந்து 6.2.

நம்ம தமிழ்நாட்டுல குடற்புழு நீக்க நாள் முகாம்ல 20 முதல் 30 வயசுப் பெண்களுக்கும் குடுக்கிறாங்க, கர்ப்பிணியும் பால் குடுக்கிற அம்மாவும் தவிர. இது நிறைய பேருக்குத் தெரியாது, கேட்டு வாங்கிக்கிறதும் இல்ல. ஆம்பளைங்களுக்கு முகாம்ல கிடையாது, அதுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல மெடிக்கல் ஆபீசரைப் பாத்து, டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்டி, தோப்பு வேலைக்குப் போறவங்களுக்கு என்ன பண்ணலாம்னு கேக்கணும். நாமளா வாங்கி விநியோகிக்கிற வேலை வேணாம், வயித்துல பிள்ளை இருக்கிறது தெரியாத மூணு மாசத்துக்குள்ள இருக்கிற பொண்ணு ஒருத்தி முழுங்கிட்டா யார் பதில் சொல்றது.

அப்ப காசு எங்க போகணும். அந்த இருபது முப்பது பிள்ளைங்க டெஸ்ட்டை ஆரம்ப சுகாதார நிலைய லேப்ல பாத்தா அனேகமா செலவே இல்ல, டப்பா வாங்குற காசும் பைக் பெட்ரோலும்தான். கொக்கிப்புழுன்னு வந்தா பாதிக்கு மேல செருப்புக்கு, மீதி சோப்புக்கு. உருண்டைப்புழு, கீரிப்பூச்சின்னு வந்தா செருப்பை மறந்துட்டு சோப்பு, நகவெட்டி, ஸ்கூல் டேங்க் ரிப்பேர். எதுவா இருந்தாலும் ஒரு பங்கு ஆட்டோவுக்கு எடுத்து வைங்க. ஏன்னா மாத்திரை விட்டுப்போற பிள்ளைங்க யாருன்னு எனக்குத் தெரியும்: செங்கல் சூளையில அப்பா அம்மாவோட தங்கியிருக்கிறது, கரும்பு வெட்டப் போன குடும்பத்தோட போயிருக்கிறது, பால்வாடிக்கு அனுப்பாம பாட்டிகிட்ட விட்டது, எட்டாவதோட நின்னுபோனது. பூச்சி அதிகமா இருக்கிறதும் இதே பிள்ளைங்ககிட்டதான். மாத்திரை நாள் அன்னைக்கு நர்சம்மா உக்காந்த இடத்துல உக்காந்திருப்பாங்க, அவங்களை ஆட்டோவுல ஏத்தி சூளைக்கும் கொட்டாய்க்கும் கூட்டிட்டுப் போறது நம்ம வேலை. லிஸ்ட்டை பத்து நாள் முன்னாடியே டீச்சரம்மாகிட்ட உக்காந்து எழுதிடுங்க.

கீரிப்பூச்சி மட்டும் கண்டுபிடிச்ச வீட்டுல முறை வேற, வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல போடணும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை, அதே நாள்ல பாய் போர்வை தலையாணி உறையெல்லாம் சுடுதண்ணியில துவைச்சு வெயில்ல போடணும், பிள்ளைக்கு காலைல எழுந்ததும் கழுவிவிடணும். இதுக்கு முகாம் மாத்திரை ஒண்ணு பத்தாது, டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. அதே மாதிரி வாரக்கணக்கா எண்ணெய்ப் பசையா நாத்தமா பேதி போற பிள்ளைக்கு பூச்சி மாத்திரை ஒண்ணு போட்டுட்டு காத்திருக்காதீங்க, அது ஜியார்டியாவா இருக்கலாம், அது புழுவே இல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமி, அதுக்கு மருந்தும் வேற, நாளும் வேற.

மாத்திரை போட்ட மறுநாள் மலத்துல ஒண்ணு ரெண்டு நாக்குப்பூச்சி விழுந்தா வீட்டுல கலவரம் பண்ண வேணாம், மருந்து வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். விழலைன்னாலும் மருந்து பொய்யில்ல, கொக்கிப்புழு விழுந்தா தெரியாது. ஆனா பூச்சி மருந்துக்கு முன்னாடியோ பின்னாடியோ பிள்ளைக்கு வயிறு உப்பி கல்லு மாதிரி ஆகி, விடாம வாந்தி எடுத்து, மலமும் காத்தும் போகாம நின்னுச்சுன்னா அது பூச்சி பந்தா சுருண்டு குடலை அடைச்சிருக்கலாம், அப்ப விளக்கெண்ணெயும் கிடையாது இன்னொரு மாத்திரையும் கிடையாது, வாய்ல எதையும் ஊத்தாம 108க்குப் போன் போட்டு நேரா அறுவை சிகிச்சை இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.